விஜி கூப்பிடறா

ஹலோ... ஹலோ... கச்சேரி ரோடுதானே?... கொஞ்சம் சத்தமா பேசுங்க, லைன்ல ஒரே இரைச்சல்... நஸ்ருன்னிசாம்மாவா? வணக்கம்மா. நான் ஜெயபாரதி, அடையாறுலேர்ந்து பேசறேன். சுப்பராயன் சார்கூட கம்ப்யூட்டர்ல வேலை பார்த்த பொண்ணு. சாரோட பதினாறாம் நாள் காரியத்தன்னிக்கு உங்க கூடத்துலதான் உக்காந்திருந்தேன், நீங்க டீ கொடுத்தீங்களே... ஆமா, கண்ணாடி போட்ட பொண்ணு. அதே அதே.

பின் போர்ஷன்ல சாரோட வீட்டுக்காரங்க, விஜயலக்ஷ்மி அக்காவைக் கொஞ்சம் கூப்பிட முடியுமாம்மா?... தெரியும்மா, ஞாயித்துக்கிழமை மத்தியானம், எல்லாரும் சித்தக் கண்ணசர்ற நேரம். தொந்தரவுதான்... என்னது?... இப்பதான் வந்துட்டுப் போனாங்களா? போன் பண்ணவா?... யாருக்கு?... சரி, நீங்க கேக்கலை. கேக்காம விட்டதே நல்லது... பேசவே இல்லையா? காதுல வச்சுக்கிட்டு சும்மா நின்னாங்களா?... ம்... ம்... போன வாரமும் வந்தாங்களா?... இல்லம்மா, ஒண்ணுமில்ல. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. கூப்பிடுங்க, நான் லைன்லயே இருக்கேன்.

...

இன்னாண்ணே?... பேசிட்டு வந்துடறேன் வெள்ளைத்துரை அண்ணே. இன்னா அவசரம், பூட்டு எங்கயும் ஓடிப்போயிடாது... அந்த ரூம் கதவைச் சாத்தாதீங்க. செங்கல்லை எடுக்காதீங்க, நான்தான் முட்டுக் கொடுத்து வச்சிருக்கேன்... ஞாயித்துக்கிழமை ஏசி போட விடமாட்டாங்களே, உள்ள வெந்து சாகறதா? கதவு திறந்தே இருக்கட்டும். ஹெட் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்... மெஷினை அணைக்கல, ஓடிக்கிட்டுதான் இருக்கு. நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க.

...

ஹலோ?... அக்கா. நான் பாரதி... ம்... ம்... சாப்பிட்டீங்களா?... இன்னுமா? மணி என்னாகுது... பசி இல்லைன்னா எப்படி? ரசமாவது வச்சு ரெண்டு வாய் போடக்கூடாதா... சரி, திட்டலை. திட்டறதுக்கு நான் யாரு.

யாரு வந்திருக்காங்க?... உங்க அண்ணனா... தூத்துக்குடிக்கேவா? எப்போ?... நாளன்னிக்கே?... இல்ல, நான் என்ன சொல்ல. தனியா அந்தப் போர்ஷன்ல ராத்திரி பகல் எப்படி இருப்பீங்க, அதுவும் சரிதான். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கிளம்பப் பாத்தீங்களே... ம்... ம்... பரவாயில்லக்கா. வருத்தமா இருக்கு, அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல.

அக்கா, ஒண்ணு கேக்கணும்... ஆபீஸ் பேப்பர் விஷயம் இல்ல, அதெல்லாம் ஹெட் பாத்துக்கறேன்னிருக்காரு. இது வேற. கொஞ்ச நேரம் முன்னாடி எங்க லேபுக்குப் போன் பண்ணீங்களா?

...

இல்லையா... சரி. சரிக்கா, சும்மாதான் கேட்டேன்... இங்க மணி அடிச்சுது. நான் ஓடி வர்றதுக்குள்ள நின்னுபோச்சு. ஞாயித்துக்கிழமை இந்த நம்பருக்கு யாரு பண்ணப்போறான்னு நினைச்சேன்... ஆமா ஆமா, ராங் நம்பராத்தான் இருக்கும்.

வைக்காதீங்க. அக்கா, வைக்காதீங்க. நான் சொல்ல வந்ததை இன்னும் சொல்லவே இல்ல... அண்ணன் காத்திருந்தா காத்திருக்கட்டும். நாளன்னிக்கு வரைக்கும் அவர்கூடத்தானே இருக்கப்போறீங்க. எனக்கு இந்த ஒரு போன்தான்... ம். உக்காருங்க. நஸ்ருன்னிசாம்மா முக்காலி போடறாங்களா? உக்காந்துக்கோங்க.

நான் இன்னிக்கு எதுக்கு இங்க வந்தேன்னு சொல்றேன். எங்கப்பா ஞாயித்துக்கிழமைன்னு பாண்டி பஜார்ல ஜவுளிக்கடையையே சாத்திட்டு வீட்டுக்கு வந்துட்டாரு, உன் மெஷினுக்கு லீவு கிடையாதான்னு ஒரே சண்டை. நாளைக்குக் காலைல டெல்லிலேர்ந்து கமிட்டி வருதுக்கா. சார் எழுதின புரோகிராமைப் பாக்கத்தான் வராங்க... ஆமா, அதேதான், ரெண்டு வருஷமா ராவும் பகலும் எழுதிட்டிருந்தாரே, அந்தக் கெர்னல். மத்த புரோகிராம் எல்லாத்துக்கும் அடில இருந்து தாங்கிக்கிட்டு இருக்கறது. அதைப் பாத்துட்டுத்தான் அடுத்த மெஷின் எங்களுக்கா இல்லையான்னு சொல்லுவாங்க... நல்லபடியா நடக்கும்க்கா. சார் கையால எழுதினது, நடக்காம எங்க போகும்.

அதுல ஒரு வரியை மட்டும் எடுத்துடச் சொல்லி மாணிக்கவாசகம் சார் ஆர்டர். எங்க ஹெட். நேத்து கூப்பிட்டு வச்சு சொன்னாரு. கமிட்டி முன்னாடி அது வந்துச்சுன்னா அசிங்கமா போயிடும்னாரு. அதை எடுக்கத்தான் வந்தேன்.

அந்த வரில உங்க பேர் இருக்குக்கா.

... ஆமா. உங்க பேருதான். வேற எந்த விஜியை அவருக்குத் தெரியும்?

... இருங்க இருங்க, திட்டாதீங்க. முதல்லேர்ந்து சொல்றேன், கேளுங்க. புரியாதுன்னு சொல்லாதீங்க, புரியற மாதிரி சொல்றேன்.

மெஷின் ஒரு நேரத்துல ஒரு வேலைதான் செய்யும். அது பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும். நடுவுல புரோகிராம் டேப்பைப் படிக்கற டேப் ரீடர் கூப்பிடும், பேப்பர்ல அடிக்கற டெலிபிரிண்டர் கூப்பிடும், உள்ள ஒரு கடிகாரம் இருக்கு, அதுவும் கூப்பிடும். அப்படிக் கூப்பிடறதுக்குத்தான் இன்டரப்ட்னு பேரு. நீங்க மாவாட்டிட்டு இருக்கீங்க, வாசல்ல யாரோ கூப்பிடறாங்க. கையைக் கழுவிட்டுப் போய், யாருன்னு பாத்து அனுப்பிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்துலேர்ந்து ஆட்டுவீங்கள்ல? அதேதான்... ஆமா, உளுந்து போட்டோமா இல்லையான்னு மறந்துடக்கூடாது. பாத்தீங்களா, அதுதான் பெரிய வேலையே. விட்ட இடத்தைக் குறிச்சு வச்சுட்டுப் போகணும். உங்களுக்குப் புரியாதாம், நல்லா இருக்கு.

ஆனா இந்த மெஷினுக்கு யாரு கூப்பிட்டாங்கன்னு தெரியாது. கூப்பிட்டாங்கங்கறது மட்டும்தான் தெரியும். அதனால ஒவ்வொருத்தரா போய்க் கேக்கணும். டேப் ரீடரே, நீயா கூப்பிட்ட? இல்ல. டெலிபிரிண்டரே, நீயா? இல்ல. கடிகாரமே, நீயா? ஆமா. சரி, உனக்கு என்ன வேணும்னு கேட்டு முடிச்சுக் கொடுத்துட்டுத் திரும்பணும். இந்தக் கேக்கற பகுதி முழுக்க சார் எழுதினது. யாரை முதல்ல கேக்கணும், யாரைக் காக்க வைக்கலாம்னு அவருக்கும் எனக்கும் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமில்ல.

... என்னது?... யாருமே நான் இல்லைன்னு சொல்லிட்டா?

அக்கா, நீங்க இங்க வேலைக்கு வந்திருக்கலாம். சரியா அந்த இடத்துலதான் கேக்கறீங்க.

ஆமா, அப்படியும் நடக்கும். எல்லாரையும் கேட்டாச்சு, யாரும் கூப்பிடலை. ஆனா கூப்பிட்டது உண்மை. நானா இருந்தா, பேசாம திரும்பிப் போன்னு எழுதியிருப்பேன். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. சார் அந்த இடத்துல டெலிபிரிண்டர்ல ஒரு வரி அடிக்கற மாதிரி வச்சிருக்காரு. இங்கிலீஷ் எழுத்துல தமிழ். விஜி கூப்பிடறா. அவ்வளவுதான் அந்த வரி.

...

அக்கா?... அக்கா, இருக்கீங்களா?... ம்... சிரிக்கறீங்களா அழறீங்களான்னு தெரியலை, லைன் அப்படி இருக்கு... ரெண்டுமா. சரி.

நாங்களும் முதல்ல சிரிச்சோம். புள்ளிவிவரத் துறைக்காரங்க கணக்குப் போட்டு எடுக்கற பேப்பர்ல நடுவுல வந்து நிக்கும், விஜி கூப்பிடறான்னு. யாரு சார் விஜின்னு கேட்டா, வீட்டு மேலதிகாரின்னு சொல்லிட்டுப் போயிடுவாரு... ஆமா, அப்படித்தான் சொல்லுவாரு. எல்லார்கிட்டயும்.

... இல்லக்கா. கேலி இல்ல... அப்படி நினைக்காதீங்க... காரணமில்லாம வர்ற தொந்தரவுக்கெல்லாம் உங்க பேரை வச்சிருக்காருன்னுதானே நினைக்கறீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். எனக்குக் கோபம்கூட வந்துது. பொண்டாட்டின்னா இவங்களுக்கெல்லாம் தொணதொணப்புன்னு நினைப்புன்னு. இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் அப்படித்தான் நினைச்சேன்.

... சொல்லுங்க. கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்... ம்... ம்... தினமும் சாயங்காலம் கூப்பிடுவீங்க, தெரியும்... காய் வாங்கிட்டு வாங்க, மாத்திரை வாங்கிட்டு வாங்க... ம்... ரெண்டு வார்த்தைக்கு மேல பேசமாட்டாரா... எப்பவும் மூச்சிறைக்க எடுப்பாரா... வெடுக்குனு பேசுவாரா... நான் கூப்பிட்டாலே எரிச்சல் அவருக்குன்னு... எத்தனை வருஷமாக்கா இதை மனசுல வச்சுக்கிட்டிருக்கீங்க?

மூச்சு ஏன் இறைச்சுதுன்னு எனக்குத் தெரியும். இப்பதான் தெரிஞ்சுது.

கேளுங்க. இந்தப் போன் மெஷின் ரூம்ல இல்லக்கா, வெளில தாழ்வாரத்துல இருக்கு. உள்ள போன் வைக்கக்கூடாதுன்னு ஹெட் சட்டம். உள்ள எப்பவும் ஏசி இரைஞ்சுக்கிட்டே இருக்கும், கதவும் கனமான கதவு, சாத்தியே இருக்கும். இங்க மணி அடிச்சா உள்ள யாருக்கும் கேக்காது. ப்யூன் இருந்து கதவைத் தட்டிச் சொன்னாத்தான் உண்டு. எங்கப்பா எத்தனை தடவை பண்ணி அலுத்துப்போய் விட்டிருக்காரு. சார் மட்டும் யாரும் தட்டாமலே எழுந்து போவாரு. செருப்பை வெளில கழட்டி வச்சிருப்போம், அதைக்கூட மாட்டாம வெறுங்கால்ல ஓடுவாரு. போன் வந்திருக்கும். சாருக்குப் பாம்புச் செவின்னு பேசிக்குவோம்.

பாம்புச் செவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. டெலிபிரிண்டர் அடிச்சுச் சொல்லும், அவர் போவாரு.

... இல்ல, புரியற மாதிரி சொல்றேன். இந்தப் போன் ஒயரும் மெஷினுக்குப் போற ஒயரும் சுவத்துக்குள்ள ஒரே குழாய்ல போகுது. மணி அடிக்கறப்ப போன் ஒயர்ல ஒரு உதறல் வரும். அந்த உதறல் பக்கத்து ஒயருக்கும் தொத்திக்குது. மெஷின் யாரோ கூப்பிட்டாங்கன்னு நினைச்சுக்கும். டேப் ரீடரைக் கேக்கும், நான் இல்ல. கடிகாரத்தைக் கேக்கும், நான் இல்ல. எல்லாரையும் கேட்டு முடிச்சுட்டு, சரி, அப்ப விஜிதான்னு அடிக்கும்.

...

ஆமாக்கா... ஆமா... நிஜமாவே நீங்கதான் கூப்பிட்டிருப்பீங்க.

எப்படித் தெரிஞ்சுதா? இன்னிக்கு ஏசி இல்ல, கதவைத் திறந்து வச்சிருந்தேன். அந்த வரி இல்லாத புது டேப்பெல்லாம் தயார் பண்ணி வச்சுட்டு, அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பழசையே ஓட்டிப் பாக்கலாம்னு உக்காந்தேன். டெலிபிரிண்டர் தடதடன்னு அடிச்சுது. விஜி கூப்பிடறா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அதே நேரத்துல இங்க மணி அடிக்குது. மணி நின்னா அதுவும் நிக்குது. அடுத்த மணி, அடுத்த வரி. விஜி கூப்பிடறா. எழுந்து ஓடி வந்தேன், அதுக்குள்ள நின்னுபோச்சு.

மாசக்கணக்கா இதைத் தேடியிருக்கேன் நான். எங்கேர்ந்து வருது, எங்கேர்ந்து வருதுன்னு. மெஷினுக்குள்ள இருக்கற ஒவ்வொரு கார்டா கழட்டி, ஒவ்வொரு ஒயரா தட்டி. அவர் பக்கத்துல உக்காந்து, தேடும்மா, கிடைக்கும், கிடைக்கும்னு சொல்லிட்டிருந்தாரு. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு. வாயைத் திறக்கலையே மனுஷன்... ஆமா, கோபம்தான். இல்லாம? உயிரோட இருந்திருந்தா இன்னிக்கு நல்லா நாலு கேட்டிருப்பேன்.

... தெரியாம எப்படி இருக்கும்? தெரியும். நல்லாத் தெரியும். போன தீபாவளிக்கு முன்னாடி எலக்ட்ரிக்கல்லேர்ந்து லூர்துசாமி வந்தாரு, ஒயரையெல்லாம் பிரிச்சு வேற வேற குழாய்ல போடறேன்னு. சார்தான் வாசல்லயே நிறுத்தி, இப்ப வேணாம், அப்புறம் பாத்துக்கலாம்னு அனுப்பிட்டாரு. எனக்கு ஆச்சரியமா இருந்துது. ஒரு கமா தப்பா இருந்தா விடமாட்டாரு அவரு. என் புரோகிராம்ல சிவப்பு மை இல்லாத பக்கமே கிடையாது. அப்பேர்ப்பட்ட ஆளு ஒரு தப்பைத் தெரிஞ்சே வச்சிருந்திருக்காரு. அதை எடுத்துட்டா நீங்க கூப்பிடறது தெரியாதே.

...

அழுங்கக்கா. நான் இருக்கேன், வைக்கமாட்டேன்.

...

வேற யாராவது, எங்க ஆபீஸ் ஸ்டோர்ஸ்லேர்ந்து பண்ணாலும் அப்படித்தான் அடிக்கும், ஆமா. அதுக்கு ஆள் தெரியாதே. ஸ்டோர்ஸ்காரர் பண்ணாலும் விஜிதான், எங்கப்பா பண்ணாலும் விஜிதான். அவர் ஒவ்வொரு தடவையும் நீங்கதான்னு நினைச்சுத்தான் ஓடியிருப்பாரு. வேற ஆளா இருந்தா முகம் தொங்கிப்போய் வருவாரு. அது எதுக்குன்னு இப்பத் தெரியுது.

வெடுக்குனு பேசினது எரிச்சல் இல்லக்கா. ஓடி வந்து எடுத்தா அப்படித்தான் பேச்சு வரும். இங்க தாழ்வாரத்துல ஆள் போய்க்கிட்டு வந்துக்கிட்டு இருப்பாங்க, அவர் கூச்ச சுபாவம் வேற. என்கிட்டயே நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல ரெண்டு வருஷம் ஆச்சு அவருக்கு.

... என்ன?... என்னக்கா சொல்றீங்க?... ஐயோ... இல்ல. இல்லவே இல்ல. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓடவச்சுத்தான் நெஞ்சு போச்சுன்னு... யாரு சொன்னா உங்களுக்கு இப்படி? இந்த ரூம் வாசலுக்கும் போனுக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்னு நினைக்கறீங்க? நான் இப்ப இங்கேர்ந்து கையை நீட்டினா கதவு எட்டிடும் போல இருக்கு. இதுக்கா மனுஷனுக்கு நெஞ்சு நிக்கும்? டாக்டர் சொன்னதைக் கேட்டீங்கள்ல, ரொம்ப நாளாவே உள்ள அடைப்பு இருந்திருக்குன்னு. அவர் யார்கிட்டயும் சொல்லலை. உங்ககிட்டயும் சொல்லலை. அது அவர் பண்ண தப்பு. உங்களுது இல்ல... நான் பேத்தறேனா? நான் உங்ககிட்ட இதைச் சொல்லியே இருக்கக்கூடாது. நல்லது பண்றேன்னு நினைச்சு... எனக்கு எப்பவுமே வாய்தான் எதிரி.

கேளுங்க. என் மேல சத்தியமா சொல்றேன். அவர் மூச்சிறைக்கச் சிரிச்சுக்கிட்டுதான் திரும்பி வருவாரு. நான் பார்த்திருக்கேன். தினமும் பார்த்திருக்கேன்... ஆமா, சிரிச்சுக்கிட்டு. வந்து உக்காந்து, எங்க விட்டோம்னு கேக்கமாட்டாரு. விட்ட இடத்துல நேரா விரலை வைப்பாரு.

... ம்... குடிங்க. தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க.

...

கடைசியாவா? அன்னிக்கு சாயங்காலமா? சொன்னேனேக்கா காரியத்தன்னிக்கு... திரும்பவும் சொல்றேன். ஒண்ணும் விசேஷமா பேசலை. கரன்ட் போறது பத்திதான் எழுதிட்டிருந்தாரு... ஆமா, கரன்ட்தான். நம்ம ஊர்ல சொல்லிட்டா போகுது? பட்டுனு போகும். ஆனா போறப்ப மெஷினுக்கு ஒரு கண் இமைக்கற நேரம் கிடைக்கும். விளக்கு அணையறதுக்கு முன்னாடி ஒரு மினுக்கு மினுக்கும் பாருங்க, அவ்வளவு. கரன்ட் போகுதுன்னு ஒரு இன்டரப்ட் வரும். அது வந்தா மத்த எல்லாரையும் நிறுத்திட்டு, கைல இருக்கறதை எல்லாம் பத்திரமா எடுத்து வச்சிடணும். அப்பத்தான் கரன்ட் வந்ததும் விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். அந்தக் கொஞ்ச நேரம் போதும் பாரதி, எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டுப் போயிடலாம்னாரு. எழுதி முடிச்சு, நாங்க மெயின் சுவிட்சை அணைச்சு அணைச்சுப் பாத்தோம். ஒண்ணுகூடத் தவறலை. சந்தோஷமா கிளம்பினாரு. பஸ் அடையாறு பாலம் தாண்டலை.

மெஷினுக்கு அந்த நேரத்தைக் கொடுத்தாரு. அவருக்கு யாரும் கொடுக்கலை. எனக்கு ஆறவே இல்லக்கா.

...

ம்... ம்... நானும்தான்... கண்ணாடியை எடுத்துத் துடைச்சுக்கிட்டேன், அதான் சத்தம் வரலை.

இல்லக்கா, இன்னும் அழிக்கலை. அழிச்சிருந்தா இன்னிக்கு அடிச்சிருக்காதே. புது டேப் ரெடியா மேஜை மேல இருக்கு. அதை ஏத்தினா முடிஞ்சுது. நான் ஏத்தாம விட்டாலும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. காலைல கமிட்டி வர்றதுக்கு முன்னாடி லூர்துசாமி வந்து ஒயரை வேற குழாய்க்கு மாத்தறாரு. ஹெட் சொல்லியாச்சு. அப்புறம் நீங்க கூப்பிட்டாலும் உள்ள தெரியாது. அந்த வரி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

... என்ன சொல்றீங்க?... எடுத்துடவா?... நீங்களே சொல்றீங்களா?... ம்... அவர் வேலை நல்லபடியா நிக்கணும், நாலு பேர் சிரிக்கக்கூடாது... புரியுதுக்கா. நான் வேற மாதிரி நினைச்சேன். சண்டை போடுவீங்க, எடுக்காதேன்னு சொல்லுவீங்க, அதை வச்சுக்கிட்டு ஹெட்கிட்டப் போய் நானும் சண்டை போடலாம்னு நினைச்சுக்கிட்டுதான் போன் பண்ணேன்... ஆமா, எனக்குத்தான் மனசு வரலை. நீங்க என்னைவிட கெட்டி.

சரி. எடுத்துடறேன்.

...

அக்கா? வச்சுட்டீங்களா?... இல்ல, இருக்கீங்க. மூச்சு கேக்குது... சொல்லுங்க... பரவாயில்ல, சொல்லுங்க.

... ம்.

... தெரியும்க்கா. நீங்கதான்னு தெரியும்... நஸ்ருன்னிசாம்மா ஒண்ணும் சொல்லலை, அவங்களைத் திட்டாதீங்க. எனக்கா தெரிஞ்சுது... ஞாயித்துக்கிழமைன்னா யாரும் எடுக்கமாட்டாங்கன்னு... மணி அடிக்கறதை மட்டும் கேட்டுக்கிட்டு... இதுல வெட்கப்பட என்ன இருக்கு? பைத்தியம் எல்லாம் இல்ல. அவர் உள்ள இருக்காரு, இப்ப வருவாருன்னு ஒரு நிமிஷம் நினைச்சுக்கலாம்ல. நானா இருந்தா தினமும் பண்ணியிருப்பேன்... போன வாரமும் மணி அடிச்சிருக்கும்க்கா, மெஷின் ஓடலை. அதான் யாருக்கும் தெரியலை.

...

என்ன வேணும், சொல்லுங்க... இன்னொரு தடவையா?... இப்பவா?

...

பண்ணுங்க. தாராளமா பண்ணுங்க. கேக்கணுமா இதை?

இருங்க, நான் சொல்றதைக் கேட்டுக்கோங்க. நான் முதல்ல இதை வைக்கணும். வைக்கலைன்னா மணி அடிக்காது. வச்சுட்டு உள்ள போயிடறேன். கொஞ்சம் பொறுத்து, மெதுவா டயல் பண்ணுங்க. முதல் தடவை கிடைக்கலைன்னா திரும்பப் பண்ணுங்க, அடையாறு லைன் அப்படித்தான்... எவ்வளவு நேரம் வேணா அடிக்க விடுங்க. யாரும் எடுக்கமாட்டாங்க. நான் எடுக்கமாட்டேன். வாட்ச்மேன் வெள்ளைத்துரை அண்ணனும் எடுக்கமாட்டாரு, நான் சொல்லிடறேன்.

உங்களுக்கு மணி மட்டும்தான் கேக்கும். ஆனா ஒவ்வொரு மணிக்கும் இங்க ஒரு வரி விழும். அதை நினைச்சுக்கோங்க. எல்லாரையும் கேட்டு முடிச்சுட்டு, நீங்கதான்னு அடிக்கும்... பேப்பரை நாளைக்கு நானே எடுத்துட்டு வரேன். நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள கொடுத்துடறேன்... வேணாமா?... சரி. வேணாம்னா வேணாம். அவர் மேஜைலயே இருக்கட்டும்.

... இல்ல, நீங்க நிறுத்தற வரைக்கும் எதையும் தொடமாட்டேன். நீங்க நிறுத்தினப்புறம்தான் புது டேப்பை ஏத்துவேன்.

வெள்ளைத்துரை அண்ணே, இங்க வாங்க. இப்ப இந்தப் போன் அடிக்கும். எடுக்காதீங்க... யாருன்னு எனக்குத் தெரியும். அடிக்கட்டும், விட்டுடுங்க.

அக்கா, இருக்கீங்களா?... ம்... ம்... நான் உள்ள மெஷின் பக்கத்துல, அவர் நாற்காலிகிட்ட போய் நிக்கறேன்.

வச்சுடறேன். கூப்பிடுங்க.